பின்பக்கத்துத் தமிழ்

அத்தியாயம் பதினேழு

"பாப்பாவை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள்?" என்று மூன்று வாசகிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் எங்கே படுத்துகிறேன்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளே தேடி வைத்துக்கொண்டது. நான் எழுதிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாப்பா என்றால் குழந்தை இல்லை. முப்பத்தெட்டு வயது. ஒரு லாரி கம்பெனி ஆஃபீஸில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை. அவளுடைய அண்ணன் சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் கட்டுகிறவர். தெருவே அவரை குஷன்காரர் என்றுதான் கூப்பிடும். அவருக்கு இங்கிலீஷ் வராது. வெளியூர் ஆட்களிடமிருந்து கடைக்கு வரும் கடிதங்களை எல்லாம் பாப்பாதான் படித்துத் தமிழில் சொல்வாள். அவர் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே அவள் சொன்னதைத் தன் கையால் எழுதி ஃபைலில் போட்டுவிடுவார். முன்பக்கம் இங்கிலீஷ், பின்பக்கம் தமிழ். இருபது வருஷப் பழக்கம்.

இப்போது ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு ஆசை வந்துவிட்டது. வேலை, பணம், வியாபாரம் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லித்தருகிற சாயங்கால வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே டீச்சர், "உங்க தொழில்ல வந்த பழைய லெட்டர் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, அதை வச்சே படிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதை அண்ணன் ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னபோது பாப்பா பேச்சைப் பாதியில் நிறுத்தி ஃபோனை வைத்துவிட்டாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

ஏன் வைத்தாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஃபைலில் ஒரு கடிதம் இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் இருப்பது வேறு, பின்பக்கத்தில் இருப்பது வேறு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாப்பா தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டாள். அது பொய்யும் இல்லை. நாலு நாளாகத் தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது.

அண்ணன் செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் இருக்கமாட்டார். தைத்து முடித்த நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்த நேரத்தில் கடையில் இருப்பது தையலக்கா மட்டும்தான். பத்து வருஷமாக அங்கே ரெக்சின் தைக்கிறவர்.

"வா பாப்பா. அண்ணன் டெலிவரிக்குப் போயிருக்காரே?"

"தெரியும்கா. ஒரு பழைய அட்ரஸ் வேணும். ஃபைல்ல பாத்துட்டுப் போயிடறேன்."

"அந்த ஃபைலா! அதைத்தான் ஒரு மாசமா தலைமாட்டுல வச்சுத் தூங்காத குறையா கட்டிட்டு அழறார். நேத்து என்கிட்ட வந்து, 'அக்கா, உங்களுக்கு நான் எம்ப்ளாயர், நீங்க எனக்கு எம்ப்ளாயி'ங்கறார். நான் பயந்தே போயிட்டேன். வேலைய விட்டு நிறுத்தறாரோன்னு!"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அண்ணன் இப்படித்தான். வகுப்புக்குப் போன முதல் வாரம் வீட்டுக்கு ஓடிவந்து, "அட்வான்ஸ், பேலன்ஸ், கமிஷன், ஓவர்டைம் எல்லாம் இங்கிலீஷாமே! முப்பது வருஷமா நான் இங்கிலீஷ்தான் பேசிட்டு இருந்திருக்கேன். ஒருத்தராவது சொன்னீங்களா?" என்று எல்லோரிடமும் சண்டை போட்டவர். இரண்டாவது வாரம் 'டெட்லைன்' வந்தது. சாப்பாட்டுக்கு டெட்லைன், குளியலுக்கு டெட்லைன் என்று அண்ணியின் உயிரை வாங்கினார். மூன்றாவது வாரம் 'நெகோஷியேட்'. கீரைக்காரம்மாவிடம் அதைச் செய்யப்போய் அந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கடையின் உள்பக்கம் ஃபோம் அட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கால் உடைந்த ஒரு சோபா தலைகீழாகக் கிடந்தது. அதன் வயிற்றில் பழைய சுருள்கம்பிகள் துருப்பிடித்துத் தெரிந்தன. பசை வாடை. மேஜையின் கீழ் டிராயரில் ஸ்டேப்ளர் பின் டப்பாக்களுக்கு நடுவே அந்த நீல ஃபைல்.

பாப்பா தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

அவள் எதிர்பார்க்காத ஒன்று அதில் இருந்தது. பென்சில். ஒவ்வொரு கடிதத்திலும் தெரிந்த வார்த்தைகளுக்குக் கீழே கோடு. மேலே பொடி எழுத்தில் தமிழில் உச்சரிப்பு. 'கொட்டேஷன்', 'டெலிவரி', 'டேமேஜ்', 'ரீப்ளேஸ்'. முன்பக்கத்தைத் தானாகப் படித்துப் பார்ப்பது, பிறகு திருப்பி, பின்பக்கத்தில் இருக்கிற தமிழோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போனால் ஓரத்தில் ஒரு சின்ன 'டிக்'. தனக்குத்தானே மார்க் போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

எந்தப் புத்தகத்தையும் நம்பாமல் தங்கச்சி சொன்ன தமிழை விடைத்தாளாக வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு காரியம் செய்வார்களா?

தேதிப்படி புரட்டிக்கொண்டே போனாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கடிதங்கள் வந்தன. ஹோட்டல்காரருடைய முதல் கடிதம் இருந்தது, டிக் போட்டு. இரண்டாவது இருந்தது, டிக் போட்டு. மூன்றாவதற்கு இருந்த பிளாஸ்டிக் உறை காலியாக இருந்தது.

இரண்டு தடவை கீழே கொட்டித் தேடினாள். இல்லை.

அந்த ஹோட்டல்காரர் வேறு தேசத்து மனிதர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலைப் புதுப்பிக்க வந்தவர். வரவேற்பறை சோபாக்கள் அத்தனையையும் குஷன்காரரிடம் கொடுத்தார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு சோபாவாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசிச் சோபாவில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். ஊருக்குப் போனதும் எழுதினார். தன் ஊரில் ஒரு பட்டறை ஆரம்பிக்கப் போவதாக. குஷன்காரர் அங்கே பார்ட்னராக வரவேண்டும், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்துக்கு வீடு என்று.

அன்றைக்குப் பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாதம். அப்பா பக்கவாதம் வந்து அண்ணன் வீட்டில் படுத்த படுக்கை. அண்ணன் போய்விட்டால் அப்பா யாரிடம் இருப்பார்? புது மருமகளாகப் போன வீட்டில், மூன்று வேளையும் தூக்கி உட்காரவைக்க வேண்டிய அப்பாவை எங்கே வைத்துக்கொள்வது? கடிதத்தைப் பார்த்த அரை நிமிஷத்தில் இத்தனையும் அவள் தலைக்குள் ஓடிவிட்டது.

"என்ன எழுதியிருக்கார் பாப்பா?" என்று அண்ணன் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் எழுதினார். 'வேலை திருப்தி. நன்றி சொல்கிறார். மறுபடி தேவைப்பட்டால் கூப்பிடுவாராம்.'

ஒரு மாதம் போகட்டும், அப்பா கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அப்பா தேறவில்லை. மூன்றாவது மாதம் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

ஃபோன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா, எங்க இருக்கே?"

"ஆஃபீஸ்லதான்ணா."

தையலக்கா மிஷினை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. லீவு கேட்டுக்கோ."

"என்னண்ணா விஷயம்?"

"வா. நேர்ல சொல்றேன்." குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அண்ணன் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு பக்கம். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று பாதிப்படியில் நின்றாள். போய் எங்கே ஒளிவது? ஏறினாள்.

அண்ணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலையணை உறைகள் குவியலாகக் கிடந்தன. வழக்கமாக பாப்பா வாசலில் செருப்பை விடும்போதே "வா பாப்பா, தண்ணி குடிக்கிறியா" என்று எழுந்து வருகிறவள். இன்றைக்குத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி. பக்கத்தில் அந்தக் கடிதம்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"இதைப் படி."

பாப்பா கடிதத்தைக் கையில் வாங்கினாள். எழுத்துகள் ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. கடிதம் முழுக்கப் பென்சில் கோடுகள். 'பார்ட்னர்' என்ற வார்த்தைக்குக் கீழே மட்டும் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் டிக் இல்லை.

முடிந்தது என்று நினைத்தாள்.

"படிச்சியா? இப்ப பின்னாடி திருப்பிப் பாரு. நான் என்ன எழுதி வச்சிருக்கேன்னு பாரு." அண்ணன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "மடையன்! என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா பாப்பா?"

பாப்பாவுக்குப் புரியவில்லை. "என்னண்ணா சொல்றே?"

"அன்னிக்கு அவர்கிட்ட இருந்து ரெண்டு லெட்டர் வந்திருக்கணும். நீ ரெண்டையும் படிச்சுச் சொல்லியிருப்பே. நான் எங்கயோ நினைப்பா ஒண்ணுக்கு எழுத வேண்டியதை இன்னொண்ணுக்குப் பின்னாடி எழுதிட்டு, இதைக் காதுலயே வாங்காம ஃபைல்ல போட்டுட்டேன். நாலு நாளா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வேற எப்படியும் இருக்க முடியாது."

மிஷின் நின்றது.

"இவர் காதுல எப்ப எது ஏறியிருக்கு?" என்றாள் அண்ணி. குரல் கரகரத்தது. "நான் பேசறப்ப எல்லாம் தலையைத் தலையை ஆட்டுவார். அப்புறம் 'என்ன சொன்னே'ம்பார். வீட்டு விஷயம்னா போகட்டும். இது வாழ்க்கை இல்லையா? அந்தக் கடைசிப் பத்தியைப் படிச்சியா பாப்பா? 'உங்க மனைவிக்கு விருப்பம் இருந்தா தையல் பிரிவை அவங்களே பொறுப்பா பாத்துக்கலாம்'னு எழுதியிருக்காராம். என்னை! இவர் பொண்டாட்டியா இல்ல, பொறுப்பாளரா. சம்பளத்தோட. நேத்து ராத்திரி இவர் எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொல்றார், நான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். ஒன்பது வருஷமா ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தலகாணி உறை தச்சுட்டு உக்காந்திருக்கேன்."

அவள் வலது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. ஒரு வருஷமாகவே சுற்றியிருக்கிறது. பாப்பா அதைப் பார்க்காமல் இருக்க எங்கே எங்கேயோ பார்த்தாள்.

"திட்டு, இன்னும் நல்லாத் திட்டு" என்றார் அண்ணன். பிறகு பாப்பாவிடம் திரும்பி, "உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

"என்கிட்ட எதுக்குண்ணா?"

"அவ்வளவு நல்ல சேதியைப் படிச்சுச் சொல்லியிருக்கே. அண்ணன் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையேன்னு நீ என்ன நினைச்சிருப்பே? போக இஷ்டமில்லை போலன்னு பேசாம இருந்திருப்பே. அப்பாவை வேற வந்து வந்து பாத்துட்டு இருந்தே. பாவம், உனக்கு இதையெல்லாம் ஞாபகம் வச்சுக் கேக்க எங்க நேரம்?"

நான் கதை எழுதுகிறவன். பாப்பாவுக்காக இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். அவள் ஒன்றுமே செய்யவேண்டாம். சும்மா இருந்தால் போதும். "விடுண்ணா, நடந்தது நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலம் முழுக்கத் தப்பித்துக்கொள்ளலாம். பழி அவராகவே இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது. இந்த வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உங்களுக்கும் எனக்கும் கிடைத்தால் என்ன செய்வோம் என்று நான் கேட்கப்போவதில்லை.

அவளும் ஒரு கணம் வாயைத் திறந்து அந்த வார்த்தையைத்தான் சொல்லப்போனாள்.

"அவருக்கு முந்தாநாள் மெயில் அனுப்பிட்டேன்" என்றார் அண்ணன். "லெட்டர்ல கம்பெனியோட மெயில் அட்ரஸ் இருந்துது. டீச்சர் பக்கத்துல உக்காந்தாங்க, ஆனா எழுதினது முழுக்க நான்தான். என்னோட முதல் இங்கிலீஷ் லெட்டர். வேலை கேட்டு இல்ல பாப்பா. மரியாதைக்கு. 'உங்களோட ஆஃபருக்கு ஒன்பது வருஷமா பதில் போடாம இருந்துட்டேன். தப்பு என்னோடது. கவனக்குறைவு. மன்னிச்சிடுங்க'ன்னு."

முதல் தடவையாகத் தன் கையால் ஒரு கடிதம் எழுதுகிறார். அதில் எழுதியது செய்யாத தப்புக்கு மன்னிப்பு.

பாப்பாவால் தாங்க முடியவில்லை.

"அண்ணா. நீ தப்பா எழுதலை."

"இல்ல பாப்பா, இதோ பாரேன், பின்னாடி..."

"நீ சரியாத்தான் எழுதினே. நான் என்ன சொன்னேனோ அதைத்தான் எழுதினே. ஒரே லெட்டர்தான் வந்துது. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அண்ணன் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "போ பாப்பா. எனக்காகப் பழியை வாங்கிக்காதே. உன் அண்ணியோட திட்டு எனக்குப் பழகிப்போனதுதான்."

"வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்ணா."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைவிட அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது பாப்பாவுக்கு.

"ஏன்?"

"நீ போயிடுவேன்னு."

"அப்பாவுக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு மட்டும் அவளைப் பாராட்டலாம்.

"எனக்காக. அப்பாவை என்கிட்ட விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம். கல்யாணமான புதுசு. அப்பாவைக் கூட்டிட்டுப் போனா அங்க என்ன சொல்லுவாங்களோன்னு. ஒரு மாசம் கழிச்சு சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் அப்பா போயிட்டார். அப்புறம் சொல்லவே முடியலை."

அண்ணன் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மடித்தார்.

"நான் போயிருக்க மாட்டேன் பாப்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "அப்பாவை அந்த நிலைமையில உன் தலையில கட்டிட்டுப் போற ஆளா நான்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முடியாதுன்னு எழுதச் சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு அப்புறம் வரட்டுமான்னு கேட்டிருப்பேன். அதைக்கூட என்னைச் செய்ய விடலையே நீ."

"நீங்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க" என்றாள் அண்ணி. எழுந்து வந்து நின்றாள். "இவ சொல்லவே இல்லை. அண்ணனும் தங்கச்சியுமா நல்லா இருக்கீங்க. நான் என்ன சொல்லியிருப்பேன்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தோணுச்சா? உங்க அப்பாவை நாலு வருஷம் தூக்கினது யாரு? ராத்திரியில எழுந்து பாத்தது யாரு? இங்கயே தூக்கினவ அங்க கூட்டிட்டுப் போய்த் தூக்கியிருக்க மாட்டேனா? அதை யார் கேட்டீங்க?"

உண்மையிலேயே யாருக்கும் அது தோன்றவில்லை. அந்த ஒரு வழி நேராக இருந்திருக்கிறது, வீட்டுக்குள்ளேயே, ஒன்பது வருஷமாக.

"அண்ணி..." என்று பாப்பா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி கையை உதறவில்லை. எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். உதறியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதோடு முடிந்திருந்தால் பாப்பா அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பாரம் இறங்கியது என்றுகூட நினைத்திருப்பாள். ஆனால் அவள் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை இன்னும் சொல்லவில்லை.

ஹோட்டல்காரர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். பதில் போகாவிட்டால் அவர் மறுபடி எழுதுவார், இல்லை ஃபோன் செய்வார். அதனால் பாப்பா தன் ஆஃபீஸிலேயே ஒரு கடிதம் டைப் அடித்தாள். 'குடும்பச் சூழ்நிலை இடம் கொடுக்கவில்லை. எப்போதுமே வர இயலாது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.' "நன்றி சொல்லி ஒரு லெட்டர் அனுப்பணும்ணா, கையெழுத்துப் போடு" என்று நீட்டினாள். அண்ணன் ரெக்சின் வெட்டுகிற கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் எப்படி? ஆனால் இன்றைக்கே எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் போகட்டும், அண்ணி கொஞ்சம் ஆறட்டும் என்று அவள் மனசு பழையபடி கணக்குப் போட ஆரம்பித்தது. மனசு அப்படித்தான். ஒரு தடவை பழகிய வழியிலேயே திரும்பத் திரும்பப் போகும்.

அப்போதுதான் அண்ணனுடைய ஃபோன் 'டிங்' என்றது.

அண்ணன்தான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டார்.

"அவர்கிட்ட இருந்துதான். அந்த மெயில் அட்ரஸ்தான். பதில் வந்திருக்கு."

"அதையும் படிங்க. இன்னும் என்ன பாக்கி இருக்கோ" என்றாள் அண்ணி.

அண்ணன் படிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. "டியர் சார்... தேங்க்யூ ஃபார் யுவர்... மெயில். ஐ... ஆம்... ஹிஸ் டாட்டர்." நிமிர்ந்தார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். "மக எழுதியிருக்காங்க. இப்ப கம்பெனியை அவங்கதான் பாத்துக்கறாங்க போல."

மறுபடி குனிந்தார். அடுத்த வரியில் விரல் நின்றது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது.

பாப்பா எதிரே உட்கார்ந்திருந்தாள். லாரி கம்பெனியில் மேஜைக்கு எதிரே இருக்கிறவர்கள் நீட்டும் காகிதங்களைத் தலைகீழாகவே படித்துப் பழகியவள். அவள் முழுவதையும் படித்து முடித்துவிட்டாள்.

"இந்த இடம் எனக்குப் புரியலை" என்றார் அண்ணன். "எங்க பாடத்துல இது வரலை. சேலரி, ப்ராஃபிட், லாஸ், ரெசிக்னேஷன் எல்லாம் வந்துது. இது வரலை."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அண்ணன் ஃபோனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல், கட்டிலின் மேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இருக்கறதைச் சொல்லு."

பாப்பா எடுத்தாள்.

"அவர் இறந்துட்டாராம்ணா. ரெண்டு வருஷம் ஆச்சாம். நீ எழுதினதைப் படிச்சப்ப தன் அப்பா இருந்து படிச்சிருக்கக் கூடாதான்னு தோணுச்சாம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி மெதுவாகக் கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோபாவில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை மூன்று பேருமே நினைத்துக்கொண்டார்கள் என்று எண்ணுகிறேன்.

"அடுத்த வரி?"

பாப்பா வாயைத் திறந்தாள். எத்தனை சுலபம்! 'உங்களுக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க' என்று சொன்னால் போதும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு சுலபமாக இருந்ததோ, இப்போதும் அவ்வளவே சுலபமாக இருந்தது.

"பாப்பா. அடுத்த வரி."

"நீங்க... நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு எழுதியிருக்காங்க." ஃபோனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் பிடித்தாள். "ஏன்னா நீங்க அப்பவே பதில் போட்டுட்டீங்களாம். வரமுடியாதுன்னு. அவங்க அப்பா அந்த லெட்டரை ரொம்ப நாள் மேஜையிலயே வச்சிருந்தாராம். கீழ இருக்கற கையெழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாட்டியும், அழகா இருக்குன்னு எல்லார்கிட்டயும் காட்டுவாராம்."

"நானா? நான் எப்பப் பதில் போட்டேன்?"

"நான் டைப் அடிச்சேன்ணா. நன்றி லெட்டர்னு சொல்லி உன்கிட்ட கையெழுத்து வாங்கினேன்."

அண்ணி "ஐயோ" என்றாள். அது கோபத்தில் வந்த ஐயோ இல்லை.

கத்துவார் என்று பாப்பா காத்திருந்தாள். எழுந்து வெளியே போ என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னும் எத்தனை வரி இருக்கு?"

"ரெண்டு."

அவர் கையை நீட்டினார். பாப்பா ஃபோனைக் கொடுத்தாள்.

"அதை நான் சாயங்காலம் டீச்சர்கிட்டப் படிச்சுக்கறேன்" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்குப் போகச் செருப்பை மாட்டினார்.

அவர் படியிறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு வரியும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது வரி அண்ணியைப் பற்றியது. அண்ணி ஒரு முழம் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அண்ணி கேட்கவில்லை.